'ஸ்டேபிளா இருக்கான்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள்

540 கிராம் எடையில் பிறந்த குழந்தையின் குதிகால் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கர்ப்பத்தில் 23 வாரமும் சில நாட்களும் ஆனபோதே பிறந்துவிட்டவன் அவன். தொப்புள் வழியாக ரத்தக்குழாய்க்குள் போட்டிருந்த லைனை, அந்த மெல்லிய குழாயை, எடுத்த பிறகு, ரத்தப் பரிசோதனை என்றால் அந்தக் குதிகாலைத்தான் குத்த வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளட் கேஸ் (ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது), அது போகச் சர்க்கரை, அது போக மற்றவை. நான்காவது வாரத்தில் ஒரு நைட் டியூட்டி. அதிகாலை 4 மணி ரத்தத்துக்காக இன்குபேட்டரின் சின்னக் கதவைத் திறந்து காலைக் கையில் எடுத்தேன், குத்துவதற்கு இடமே இல்லை. இரண்டு குதிகால்களின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கன்றிக் கிடந்தது.

மூளையில் இரண்டு பக்கமும் பெரிய ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது. குடல் கெட ஆரம்பித்து வயிறு நீலம் பாரித்திருந்தது. இந்தக் குழந்தை பிழைக்காது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆர்டர் இருந்தது, நான் குத்தினேன். குழந்தை அழுதான். மூச்சுக்காகப் போட்ட டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை அழுதால் சத்தம் வராது. முகம் மட்டும் சுருங்கும், வாய் திறக்கும், கைவிரல்கள் விரியும். "மன்னிச்சிடுடா கண்ணா" என்று சொல்லிக்கொண்டே ரத்தத்தைப் பிதுக்கி எடுத்தேன். ரிசல்ட் மோசமாக வந்தது. அதை வைத்து யாரும் எதையும் மாற்றவில்லை. பத்து மணிக்கு அடுத்ததை எடுக்க வேண்டும் என்று அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 வருஷமாக வேலை செய்கிறேன். இங்கே சொல்லும் குழந்தைகளையும் குடும்பங்களையும் யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் நடந்தவை நடந்தவைதான். அந்த இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் செவிலியர்களுக்காக முக்கியமாக எழுதுகிறேன். அவர்களோடு வாழ்பவர்களும் படித்தால் நல்லது, ஏனென்றால் டியூட்டி முடிந்து வரும் எங்கள் முகத்தைப் பார்த்து "இன்னைக்கு என்ன ஆச்சு" என்று கேட்டால் எங்களுக்கே பதில் தெரியாத நாட்கள் உண்டு.

குழந்தை இறந்துபோனால் துக்கம் வரும். அது எனக்குத் தெரிந்த வலி, அழுதால் கொஞ்சம் குறையும். இது அப்படிக் குறையவில்லை. அந்த 4 மணிக் குத்தல் முடிந்து பல வாரம் கழித்தும், வீட்டில் பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, என் விரல்களுக்கு நடுவே அந்தக் கால் இருப்பது போலவே இருக்கும். வருத்தத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். தப்பு செய்துவிட்டு அகப்படாமல் தப்பித்தவளைப் போன்ற உணர்வு. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் நான் என் வேலையைச் சரியாகத்தானே செய்திருந்தேன்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984இல் செவிலியர் அறநெறி பற்றி எழுதிய புத்தகத்தில் அதைச் சொல்லியிருந்தார்: எது சரி என்று ஒருவருக்குத் தெரிகிறது, ஆனால் வேலை செய்யும் இடத்தின் கட்டுகள் அதைச் செய்யவிடாமல் தடுக்கின்றன, அப்போது வரும் தவிப்பு. தமிழில் அறத் தவிப்பு என்று சொல்லலாம், நான் மனச்சாட்சித் தவிப்பு என்றுதான் சொல்கிறேன். பிறகு 2009இல் எலிசபெத் எப்ஸ்டைன், ஆன் ஹாம்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு சம்பவம் முடிந்தாலும் அந்தத் தவிப்பு முழுசாக இறங்குவதில்லை, அடியில் ஒரு வண்டல் தங்கிவிடுகிறது, அடுத்த சம்பவத்தில் அந்த வண்டலுக்கு மேலேதான் புதிய தவிப்பு ஏறுகிறது, இப்படியே மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பத்தாவது குழந்தையில் நான் ஏன் முதல் குழந்தையில் உடைந்ததைவிட அதிகமாக உடைந்தேன், "பழகிடும்மா" என்று சொன்ன சீனியர் ஏன் ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுப் போனார் என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

டாக்டர்களுக்கு இந்தத் தவிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரத்தைப் பாருங்கள். டாக்டர்கள் சுற்றிப் பார்க்க வரும் ரவுண்ட்ஸில் ஒரு குழந்தைக்குப் பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் இருபது. நாங்கள் ஷிப்ட் முழுக்க அங்கேயே நிற்கிறோம். ஆர்டர் போடுகிற கை ஒன்று, குத்துகிற கை இன்னொன்று. முகம் சுருங்குவதை எழுதியவர் பார்ப்பதில்லை, பார்க்கிறவருக்கு எழுதும் அதிகாரம் இல்லை. இந்த இடைவெளியில்தான் தவிப்பு பிறக்கிறது.

சரி, அந்தக் குழந்தைக்கு வருகிறேன். அப்போது எனக்கு யார் மேலெல்லாம் கோபம் என்றால், முதலில் டாக்டர்கள் மேல், அதைவிடப் பெற்றோர் மேல். "எல்லாம் செய்யுங்க, எதையும் விடாதீங்க" என்று சொன்னவர்கள் அவர்கள்தானே. டீ குடிக்கும் இடத்தில் நாங்கள் பேசுவது இதைத்தான்: அவங்களுக்குப் புரியல, அவங்க ஏத்துக்க மாட்டேங்கறாங்க, குழந்தைய இப்படி வதைக்கிறாங்க. நானும் அதைச் சொன்னேன், ஒருதடவை இல்லை, பலதடவை.

32ஆவது நாள் மதியம் அவனுடைய இதயத்துடிப்பு இறங்கியது. இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கினோம், மருந்து கொடுத்தோம், மறுபடி அமுக்கினோம், அந்த நெஞ்சு என் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்றார். 25 நிமிஷத்துக்குப் பிறகு நிறுத்தினோம். பிறந்ததிலிருந்து அந்த அம்மா அவனை ஒருதடவைகூட மடியில் வைத்ததில்லை. "ஸ்டேபிளானதும் குடுக்கறோம்மா" என்று நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். உயிர் போன பிறகுதான் கொடுத்தோம்.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவனுடைய அப்பா என்னிடம் கேட்டது இதுதான்: "நேத்து ராத்திரிகூட ஸ்டேபிளா இருக்கான்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எந்தப் பெற்றோரையும் டீ டேபிளில் வைத்துப் பேசவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. தினமும் அவர் வந்து "எப்படி இருக்கான் சிஸ்டர்?" என்று கேட்பார், நான் "ஸ்டேபிளா இருக்கான்" என்பேன். எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம், முந்தின ஷிப்டைவிட மோசமாகவில்லை, அவ்வளவுதான். சாகப்போகும் குழந்தைகூட இரண்டு நாள் ஸ்டேபிளாக இருக்கும். ஆனால் ஒரு அப்பாவின் காதில் அந்த வார்த்தை எப்படி விழும்? தேறி வருகிறான் என்றுதான் விழும். தினமும் மூன்று ஷிப்டிலும் மூன்று செவிலியர் "ஸ்டேபிள்" என்று சொல்ல, வாரம் ஒருதடவை டாக்டர் வந்து "ரொம்ப சீரியஸ்" என்று சொன்னால், எதை நம்புவார்? எல்லாம் செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னதற்கு, நான் நாள்தோறும் கொடுத்த நம்பிக்கையும் ஒரு காரணம். யாரோ என் கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கயிற்றில் ஒரு முறுக்கு நானே போட்டது.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்து வாய் தானாகச் சொல்லிவிடும் வார்த்தை அது. நமக்கும் அது வசதி, அடுத்த கேள்வி வராது. அந்த வார்த்தையை நான் விட்டுவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் பார்த்ததைச் சொல்கிறேன்: "ராத்திரி ஆக்சிஜன் கூட்ட வேண்டியிருந்தது. நேத்து 50 சதவீதத்துல இருந்தான், இன்னைக்கு 80. வயிறு வீக்கம் குறையல. எனக்குக் கவலையா இருக்கு. டாக்டரோட இன்னைக்கு உட்கார்ந்து பேசலாம், நானும் கூட இருக்கேன்." முன்கணிப்பு சொல்வது என் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள், சரிதான், பிழைப்பானா மாட்டானா என்பதை நான் சொல்வதில்லை. கவலையாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பயத்தோடுதான் முதல்தடவை சொன்னேன். அந்த அம்மா அழுதார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தது சிஸ்டர்" என்றார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நாங்கள் நடித்துக்கொண்டிருந்ததால் அவரும் நடித்துக்கொண்டிருந்தார்.

ஹேண்ட் ஓவரிலும் இதைச் செய்ய வேண்டும். பெற்றோரிடம் யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று இப்போது எழுதிவைக்கிறோம். காலை ஷிப்ட் கவலை என்று சொல்லி, மாலை ஷிப்ட் "பயப்படாதீங்க, சரியாயிடும்" என்று சொன்னால் அந்தக் குடும்பம் நடுவில் கிழிந்துபோகும்.

ரவுண்ட்ஸில் கேட்க ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டேன். "இந்த டெஸ்ட் எப்படி வந்தா நாம எதை மாத்தப்போறோம் டாக்டர்?" குரலை உயர்த்தாமல், குற்றம் சாட்டாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்க வேண்டும், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறோம். பதில் இருந்தால் நல்லது, குத்தும்போது எதற்காகக் குத்துகிறேன் என்று எனக்குத் தெரியும், கை நடுங்காது. பதில் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த ஆர்டர் அன்றைக்கே மாறிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பன்னிரண்டாகும், அல்லது வேறொரு ரத்தம் எடுக்கும்போது சேர்த்து எடுக்கலாம் என்றாகும். ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் இரண்டு குத்தல் குறைந்தால் அது சின்ன விஷயம் இல்லை. இதைக் கேட்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. முதல்தடவை கேட்டபோது ஒரு டாக்டர் "ஆர்டரை மட்டும் பாருங்க சிஸ்டர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். முகம் எரிந்தது. அடுத்த வாரம் மறுபடி கேட்டேன், இந்தத் தடவை இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. தனியாகக் கேட்பதற்கும் பக்கத்தில் ஒருவர் தலையசைப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

வலியைப் பற்றிப் பேசும்போது எண்ணோடு பேசுங்கள். "பாவமா இருக்கு டாக்டர்" என்றால் அது செவிலியரின் மென்மனசு என்று ஆகிவிடுகிறது. முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்புநிலை என்று பார்த்து மதிப்பெண் போடும் நிப்ஸ் மாதிரி அளவுகோல்கள் இருக்கின்றன, வென்டிலேட்டரிலும் மயக்கமருந்திலும் இருக்கும் குழந்தைக்கு என்-பாஸ் இருக்கிறது. எதை உங்கள் பிரிவில் வைத்திருக்கிறார்களோ அதை ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு குத்தலுக்கு முன்னும் பின்னும் எழுதுங்கள். எழுதியிருந்தால் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1980களின் நடுவரைக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான வலிமருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்வது பல இடங்களில் நடந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பினார்கள். 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவரோடு வேலை செய்தவர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலிமருந்து கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு உடம்பில் ஏற்படும் அழுத்தமும், பின்னால் வரும் சிக்கல்களும் மற்றவர்களைவிடக் குறைவு என்று காட்டினார்கள். அதற்கு முன்னாலும் அந்த முகங்கள் சுருங்குவதைப் பார்த்த செவிலியர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

குதிகால் குத்தும்போது இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் நாக்கில் சில துளி 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் வைப்பது, கை கால்களைச் சேர்த்துக் கூட்டிப் பிடித்துக்கொள்வது, முடிந்தால் அம்மாவின் நெஞ்சிலேயே வைத்து எடுப்பது எல்லாம் உதவும். ஆனால் சர்க்கரைக் கரைசல் ஒரு குத்தலுக்குத்தான், நாள் முழுக்க இருக்கும் குடல் வலிக்கு அது மருந்தே இல்லை. அதற்கு மார்பினோ ஃபென்டனிலோ வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் மனச்சாட்சி எப்போதும் சரியாக இருந்ததில்லை. 25 வாரத்தில் பிறந்த இன்னொரு குழந்தை, நுரையீரல் ரொம்ப மோசம், கிட்டத்தட்ட மூன்று மாசம் வென்டிலேட்டர். ஏன் இவளை இப்படிப் படுத்துகிறோம் என்று நானும் இன்னும் நாலைந்து பேரும் வெளிப்படையாகவே பேசினோம். அவள் ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்குப் போனாள். இரண்டு வயசில் செக்கப்புக்கு வந்தபோது என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு யாராவது நிறுத்தியிருந்தால்? அதனால்தான் நான் இப்போது "நிறுத்துங்கள்" என்று கேட்பதில்லை, "எதை எதிர்பார்த்து இதைச் செய்கிறோம்" என்றுதான் கேட்கிறேன். டாக்டருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். பெற்றோர் ஏன் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாமல் இருக்கலாம். ஒரு குடும்பம் மூன்று நாள் எதற்கும் பதில் சொல்லாமல் இழுத்தது, பிடிவாதம் என்று நினைத்தோம். கடைசியில் பார்த்தால் தூரத்தில் இருந்த பாட்டி வந்து ஒருதடவை பேரனைப் பார்த்துவிடட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குக் காட்டியது ஒரு நிறைமாதக் குழந்தை. பிறக்கும்போது மூச்சில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மூளைப் பாதிப்பைக் குறைப்பதற்காக உடம்பை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் குளிரவைத்தோம், மெதுவாகச் சூடேற்றினோம், எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளை முழுக்கப் பாதிப்பு. வலிப்பு நிற்கவில்லை, தானாக மூச்சுவிட முயற்சியே இல்லை. இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே கவலை என்ற வார்த்தையை நாங்கள் ஒளிக்கவில்லை. டாக்டர் பெற்றோரோடு இரண்டு தடவை உட்கார்ந்தார், இரண்டு தடவையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரும் உட்கார்ந்தோம். வென்டிலேட்டரை எடுப்பதென்று அவர்கள் முடிவு செய்தார்கள். முடிவுக்கும் எடுப்பதற்கும் நடுவில் ஒரு நாள் இருந்தது, அந்த நாளில் அம்மா முதல்தடவையாக அவனை நெஞ்சில் வைத்துக்கொண்டார், டியூபோடும் லைன்களோடும்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் போதும், அது முடியும். முடியாது என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்.

அன்று செய்ததில் மற்றவர்களுக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன். டியூபை எடுப்பதற்கு முன்பே மார்பின் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், மூச்சுத் திணறல் தெரிந்தால் கூட்டிக் கொடுப்பதற்கான ஆர்டரும் எழுதி, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையெழுத்துக்கு ஓடக்கூடாது. வலிக்கும் திணறலுக்கும் தேவையான அளவு மார்பின் கொடுப்பது கொல்வது ஆகாது, இதைச் சின்னச் செவிலியர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஊசியைப் போட்டவள் நான்தான் என்று வருஷக்கணக்கில் சுமப்பார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேகம் இறங்கும்வரை பொறுக்க வேண்டும், அது இருந்தால் குழந்தை படும் பாடு வெளியே தெரியாது. பக்கத்து மானிட்டர் திரையையும் அலாரத்தையும் அணைத்துவிடுங்கள், பெற்றோரின் கண் குழந்தையை விட்டுவிட்டு எண்களுக்குப் போய்விடும். டியூபை முகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக எடுங்கள். வெறும் முகத்தை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

டியூபை எடுத்த பிறகு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். உடனே உயிர் போகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிமிஷங்களாகலாம், மணிக்கணக்காகலாம், சிலசமயம் நாட்களும் ஆகலாம். நிறம் மாறும். நீண்ட இடைவெளி விட்டு ஒரு பெரிய மூச்சு இழுப்பான், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். சொல்லாமல் விட்டால் அந்த ஒவ்வொரு மூச்சிலும் "தப்புப் பண்ணிட்டோமோ" என்று பெற்றோர் துடிப்பார்கள். இந்தக் குழந்தை மூன்று மணி நேரம் நாற்பது நிமிஷம் இருந்தான், அம்மா நெஞ்சிலும் அப்பா மடியிலும் மாறி மாறி. கை, கால் அச்சு எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, உயிரோடு இருக்கும்போதே எடுத்தோம். கேட்காமல் எடுக்காதீர்கள், சிலருக்கு அது வேண்டாம். இன்றைக்கு வேண்டாம் என்பவருக்கு ஒரு மாசம் கழித்து வேண்டியிருக்கலாம் என்பதால், சம்மதித்தால் எடுத்துப் பத்திரமாக வைத்திருப்போம் என்றும் சொல்லலாம். நான் அன்று அழுதேன், அவர்கள் முன்னாலேயே. அந்த அப்பா அதைத் தப்பாக நினைக்கவில்லை.

பாலைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவம் ஆன இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பால் கட்டும். குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மார்பு நிறைந்து ரவிக்கை நனைந்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? முன்னாலேயே சொல்லுங்கள். நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலி தாங்காவிட்டால் ஆறுதலுக்கு மட்டும் கொஞ்சம் பிழிந்துவிடுவது, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை. காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே வரச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் பிழிந்து சேமித்த பால் ஃபிரிட்ஜில் இருந்தால் அதை என்ன செய்வது என்று அவர்களிடமே கேளுங்கள். நாங்கள் ஒருதடவை கேட்காமல் கொட்டிவிட்டோம். அந்த அம்மா மறுநாள் வந்து அதைக் கேட்டார்.

அந்த நிறைமாதக் குழந்தையின் சாவு எனக்குத் துக்கமாக இருந்தது, ஆனால் வண்டலாகத் தங்கவில்லை. இரண்டும் சாவுதான், இரண்டிலும் என் கைதான். என்ன வித்தியாசம் என்று என்னையே நிறையக் கேட்டுப் பார்த்தேன், நான் நம்பாத எதையும் அன்று என் கை செய்யவில்லை, நம்பாத எதையும் என் வாய் சொல்லவில்லை, அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

சாவுக்குப் பிறகு எங்களுக்கு என்று ஒன்று வேண்டும். ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்: ஒருவர் இறந்ததும் அறையில் இருக்கும் எல்லாரும் கொஞ்ச நேரம் அப்படியே அமைதியாக நிற்பது. எங்கள் பிரிவில் நாங்களும் அதைச் செய்கிறோம், ஒரு நிமிஷம்கூட ஆகாது. தரை துடைக்கும் அக்காவும் நிற்பார், அவரும்தானே எல்லாவற்றையும் பார்த்தார். அதன் பிறகு, முடிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள், சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசுவோம். யார் தப்பு என்று தேட ஆரம்பித்தால் அந்தக் கூட்டத்துக்கு அடுத்ததடவை யாரும் வர மாட்டார்கள், அதை இன்சார்ஜ் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே செவிலியரை வாரக்கணக்கில் ஒரே சாகும் குழந்தைக்குப் போடுவதா மாற்றுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. குடும்பத்துக்குத் தெரிந்த முகம் வேண்டும், அதே சமயம் அந்த முகத்துக்குச் சொந்தக்காரி சாய்ந்துவிடக் கூடாது. அவளிடமே கேளுங்கள், ஒவ்வொரு வாரமும் கேளுங்கள், "இன்னைக்கு வேற குழந்தை குடுங்க" என்று அவள் சொன்னால் அதற்கு விளக்கம் கேட்காதீர்கள். யோகா வகுப்பு, மனவுறுதிப் பயிற்சி என்று நிர்வாகம் ஏற்பாடு செய்தால் போய்விட்டு வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு செவிலியர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தி செய்யும்போது, பெற்றோரோடு பேசும் கூட்டத்துக்கு அவளை விடாதபோது, மூச்சுப் பயிற்சி அதைச் சரிசெய்யாது. அறநெறிக் குழு என்று ஒன்று உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா, செவிலியர் நேரடியாக அதற்குப் போகலாமா என்று விசாரித்து வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை, மரத்துப்போதல். ஒரு குழந்தையின் இன்குபேட்டர் பக்கம் தேவைக்கு மேல் போகாமல் இருக்க ஆரம்பித்தேன், பெயரைச் சொல்லாமல் பெட் நம்பரைச் சொன்னேன், சின்னப் பெண்களிடம் எரிந்து விழுந்தேன். வீட்டில் மைக்ரோவேவ் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாசம் சரியாகத் தூங்காமல் இருந்த பிறகுதான் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். முன்னாலேயே போயிருக்கலாம். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, இருந்தென்ன என்று தோன்ற ஆரம்பித்தாலோ, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

போன மாசம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் மருந்து அறையில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, இந்தக் குழந்தைக்கு ஏன் இன்னும் ஆறு மணிக்கொருதடவை குத்தறோம்? நான் கேட்டா திட்டுவாங்களா?" என்றாள். கேள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். ரவுண்ட்ஸில் அவள் கேட்டபோது குரல் நடுங்கியது. சீனியர் டாக்டர் கேஸ் ஷீட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா நானும் அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்மா" என்றார். சாயங்காலம் 5 மணிக்குப் பெற்றோரோடு உட்கார்ந்தார்கள். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டோம், அந்த ஒரு மணி நேரம் அவள் பொறுப்பில் இருந்த குழந்தைகளை நான் பார்த்துக்கொண்டேன்.